மானும் துப்பாக்கியும் நாமும்

(குடகு மலைத் தோட்டப் பகுதியில் நடைபெற்ற தமிழ்த் தொழிலாளர் கூட்டத்தில் நம் சங்கத்தின் சார்பில் ஆற்றிய உரை)



கூலி உயர்வு, லைன் வீடுகளின் கூரை, ரேஷன் அட்டை, பிள்ளைகளின் பள்ளிக்கூடம் ஆகியவற்றைப் பற்றிப் பேசவேண்டிய ஒரு சங்கம், மானைப் பற்றியும் துப்பாக்கியைப் பற்றியும் பேச ஏன் ஒரு கூட்டம் கூட்டியது என்று உங்களில் சிலர் கேட்கக்கூடும். கேட்க வேண்டிய கேள்விதான். விடையையும் முதலிலேயே சொல்லிவிடுகிறோம். துப்பாக்கி நம் கையில் இல்லை. ஆனால் துப்பாக்கி வெடித்தபின் மூட்டையைத் தூக்குகிற தோள் நம்முடையதாக இருக்கிறது. கறியைப் பங்கு போடும்போது கடைசிப் பங்கு நமக்கு வருகிறது. வழக்கு என்று வரும்போது முதல் பங்கு நமக்கு வருகிறது. ஆகவேதான் இதைப் பேசுகிறோம்.

இன்னொரு காரணமும் உண்டு. நாம் பிழைக்க வந்த மண் இது. இந்த மண்ணின் வழக்கங்களைப் புரிந்துகொள்ளாமல் பேசுகிறவன் நல்ல விருந்தாளியும் அல்லன், நல்ல குடிமகனும் அல்லன். அதனால் குடகின் துப்பாக்கி வழக்கத்தையே முதலில் எடுத்துக்கொள்வோம்.

குடகும் துப்பாக்கியும்

குடகில் கொடவர் வீட்டுத் துப்பாக்கி, சுவரில் தொங்கும் வெறும் பொருள் அன்று. செப்டம்பர் மாதத்தில் கைல்போத் என்று ஒரு திருநாள் வருகிறது. நாற்று நடவு முடிந்து, ஏரையும் ஆயுதத்தையும் துடைத்து வைத்து வணங்குகிற நாள். அன்று துப்பாக்கிக் குழாயில் ஒரு பூவைச் சூட்டுகிறார்கள். தோக்குப் பூ என்று அதற்குப் பெயர். தோக்கு என்றால் துப்பாக்கி. அந்தப் பூ எது தெரியுமா? நம் இலக்கியங்கள் காந்தள் என்று கொண்டாடிய பூ. தமிழ்நாடு அரசு மாநில மலராக வைத்திருக்கும் அதே செங்காந்தள். நாம் முருகனுக்குச் சூட்டிய பூவை அவர்கள் துப்பாக்கிக்குச் சூட்டுகிறார்கள். புத்தரித் திருநாளில் முதல் கதிர் அறுக்கும்போதும் வெடிச்சத்தம் கேட்கும். வீட்டில் ஆண் குழந்தை பிறந்தாலும் வெடி, இறப்பு நேர்ந்தாலும் வெடி என்பது அவர்களின் பழைய வழக்கம்.

1834இல் ஆங்கிலேயர் குடகு அரசை எடுத்துக்கொண்டனர். 1857ஆம் ஆண்டுக் கிளர்ச்சிக்குப் பின் நாடெங்கும் ஆயுதங்களைப் பறித்தபோது, கொடவர்களுக்கு மட்டும் விலக்குக் கொடுத்தனர். விடுதலைக்குப் பின்னும் அது தொடர்ந்தது. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தின் கீழ் 1963இல் வெளியான அறிவிக்கை, கொடவ இனத்தவருக்கும், படைத்தொண்டுக்கு ஈடாகப் பரம்பரையாக நிலம் பெற்ற ஜம்மா நிலக்காரர்களுக்கும் உரிமம் பெறுவதிலிருந்து விலக்கு அளித்தது. 2019 அக்டோபரில் நடுவண் அரசு அதை 2029 வரை நீட்டித்தது. ஓர் இனத்துக்கு மட்டும் இப்படி ஒரு சலுகையா என்று கருநாடக உயர்நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார்கள். 2021 செப்டம்பரில் நீதிமன்றம் அந்த விலக்கு செல்லும் என்று தீர்ப்பளித்தது.

இதில் நம் நிலை என்ன? வெளிப்படையாகச் சொல்கிறோம். குடகு மக்களின் வழக்கத்தோடு நமக்குச் சண்டை இல்லை. பூவைச் சூட்டி வணங்கப்படும் துப்பாக்கியால் நமக்கு எந்தத் தீங்கும் இல்லை. ஆனால், பிறப்பை வைத்து ஒருவனுக்கு ஆயுத உரிமையும் மற்றவனுக்கு மறுப்பும் என்பது ஆங்கிலேயன் விட்டுச்சென்ற கணக்கு என்பதையும் மறைக்க மாட்டோம். அந்தக் கணக்கு எங்கிருந்து வந்தது என்று கொஞ்சம் பார்ப்போம்.

ஆயுத உரிமை என்பது என்ன?

1878இல் லிட்டன் பிரபு வைசிராயாக இருந்தபோது ஆயுதச் சட்டம் வந்தது. இந்தியன் துப்பாக்கி வைத்திருக்க உரிமம் வாங்க வேண்டும், வெள்ளைக்காரனுக்கு வேண்டியதில்லை. தோட்டத் துரைக்குத் துப்பாக்கி, தோட்டக் கூலிக்குத் தடி. இந்த அவமானம் அன்றைய தலைவர்களைச் சுட்டது. அகிம்சை பேசிய காந்தியடிகளே 1918இல் அந்தச் சட்டத்தைக் கடுமையாகக் கண்டித்து எழுதினார். 1931இல் கராச்சிக் காங்கிரஸ் நிறைவேற்றிய அடிப்படை உரிமைத் தீர்மானத்தில், விதிமுறைகளுக்கு உட்பட்டு ஆயுதம் வைத்திருக்கும் உரிமை குடிமக்களுக்கு உண்டு என்று ஒரு வரி இடம்பெற்றது.

பிறகு அரசியல் நிர்ணய சபை கூடியது. 1948 டிசம்பரில் எச்.வி. காமத், ஆயுதம் வைத்திருக்கும் உரிமையை அடிப்படை உரிமைகளில் சேர்க்க வேண்டும் என்று திருத்தம் கொண்டுவந்தார். சபை அதை ஏற்கவில்லை. இன்று நம் அரசமைப்பின் 19ஆம் உறுப்பைப் படித்துப் பாருங்கள். கூட்டம் கூடும் உரிமை உண்டு; ஆனால் அமைதியாகவும் ஆயுதம் இன்றியும் கூட வேண்டும். அந்த உரிமையைக் கொண்டுதான் இன்று நாம் இங்கே கூடியிருக்கிறோம். சீக்கியர் கிர்பான் அணிவதை 25ஆம் உறுப்பு அவர்களது சமய உரிமையாக ஏற்கிறது. அதற்கு மேல் இந்த நாட்டில் எவருக்கும் ஆயுதம் அடிப்படை உரிமை அன்று. அரசு தருவது உரிமம். தந்ததைத் திரும்பப் பெறவும் அரசுக்கு வழி உண்டு.

அமெரிக்காவில் அப்படி அல்ல. அங்கே 1791இல் சேர்த்த இரண்டாம் திருத்தம் ஆயுதம் வைத்திருப்பதை உரிமையாகச் சொல்கிறது. அதைக் காட்டி, ஏழைக்கும் துப்பாக்கி கொடுத்தால்தான் ஏழை பயமின்றி வாழ்வான் என்று இங்கேயும் சில இளைஞர்கள் பேசுகிறார்கள். தோழர்களே, எண்ணிப் பாருங்கள். ஒரு நல்ல துப்பாக்கியின் விலை என்ன? தோட்டக்கூலி எத்தனை மாதம் உழைத்தால் அதை வாங்குவான்? துப்பாக்கியை எல்லாருக்கும் திறந்துவிட்டால் முதலில் வாங்குகிறவன் யார்? நம்மிடம் ஒன்று வருவதற்குள் எதிராளியிடம் பத்து வந்திருக்கும். ஆங்கிலேயன் நம் கையிலிருந்து ஆயுதத்தைப் பறித்தது அநீதி. அந்த அநீதிக்கு மருந்து, ஆள் ஆளுக்குத் துப்பாக்கி கொடுப்பதில் இல்லை. சங்கத்திலும் சட்டத்திலும் வாக்குச்சீட்டிலும் இருக்கிறது. 2019இல் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தி, ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளின் எண்ணிக்கையை 3இலிருந்து 2ஆகக் குறைத்தது. ஆள் உயிருக்கு ஆபத்து உண்டாகும்படி கொண்டாட்டத்துக்குச் சுடுவதையும் தண்டனைக்கு உரியதாக்கியது. இந்தத் திசை சரியான திசை என்பதே நம் கருத்து.

துப்பாக்கி வேறு, வேட்டை வேறு

இப்போது மிக முக்கியமான இடத்துக்கு வருகிறோம். இதை மட்டும் மனத்தில் வாங்கிக்கொண்டு வீடு திரும்பினாலும் இந்தக் கூட்டம் பயன்பட்டதாக மகிழ்வோம்.

துப்பாக்கி வைத்திருக்க விலக்குப் பெற்றவர் மான் சுடவும் உரிமை பெற்றவர் என்று நம் மக்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அது உண்மை அன்று. ஆயுதச் சட்டம் ஒரு சட்டம். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேறொரு சட்டம். முதல் சட்டத்தில் கிடைத்த விலக்கு இரண்டாம் சட்டத்தில் செல்லாது. 1972இல் அந்தச் சட்டம் வந்தபோது வேட்டைக்கு உரிமம் கொடுக்க இடம் வைத்திருந்தார்கள். 1991இல் அந்த வாயிலையும் அடைத்துவிட்டார்கள். இன்று இந்தியாவில் எவரும், எந்தச் சாதிக்காரரும், எந்த நிலக்காரரும், எவ்வளவு பணம் கட்டினாலும், விளையாட்டுக்காகவோ கறிக்காகவோ ஒரு புள்ளிமானைச் சுட உரிமம் வாங்க முடியாது. கன்னடத்தில் ஜிங்கெ என்று சொல்லும் புள்ளிமானும், கடவெ என்று சொல்லும் கடமானும், நம் காப்பிச் செடிகளுக்கு நடுவே வந்துபோகும் கேளையாடும், முயல் அளவே இருக்கும் சருகுமானும் இந்தப் பாதுகாப்புக்குள் அடங்கும்.

சுட்டவன் மட்டும்தானே குற்றவாளி என்று கேட்காதீர்கள். அந்தச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, உடந்தையாக இருந்தவனையும் குற்றம் செய்தவனாகவே கருதுகிறது. விளக்குப் பிடித்தவன், காட்டைக் கலைத்து மானை விரட்டியவன், மூட்டை சுமந்தவன், ஜீப்பில் ஏற்றிவிட்டவன், எல்லாருமே வழக்கில் சேர்வார்கள். 57ஆம் பிரிவு இன்னும் கடுமையானது. ஒருவனிடம் காட்டு விலங்கின் கறியோ தோலோ கொம்போ இருந்தது என்று நிறுவப்பட்டுவிட்டால், அது சட்டவிரோதமாக வந்தது என்றே நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும். அல்ல என்று காட்ட வேண்டிய பொறுப்பு அவனுடையது. சாதாரண வழக்கில் குற்றத்தை அரசு நிரூபிக்க வேண்டும். இங்கே நாம்தான் நிரூபிக்க வேண்டும்.

இதன் பொருள் என்ன? பங்களாவில் விருந்து முடிந்துவிட்டது. கறி செரித்துவிட்டது. எலும்பும் தோலும் எங்கே கிடக்கின்றன? லைன் வீட்டுப் பின்புறம். மிச்சக் கறி எங்கே காய்கிறது? நம் அடுப்புக்கு மேலே உப்புக்கண்டமாக. வனத்துறைக்காரர் வந்தால் 50ஆம் பிரிவின்படி சோதனை போட அவருக்கு அதிகாரம் உண்டு. அவர் கண்ணில் படுவது யாருடைய வீடு? புலிகள் காப்பகத்துக்குள்ளோ சரணாலயத்துக்குள்ளோ வேட்டை நடந்ததென்றால் தண்டனை 3 ஆண்டுக்குக் குறையாது, 7 ஆண்டு வரை போகலாம். 2022ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் சரணாலய வேட்டைக்கு அபராதம் குறைந்தது 25,000 ரூபாய். ஒரு பங்கு கறிக்கு இந்த விலையா?

நாகரஹொளெயும் பிரம்மகிரியும் புஷ்பகிரியும் தலைக்காவேரியும் நம் எஸ்டேட்டுகளின் வேலிக்கு அருகிலேயே இருக்கின்றன. எஸ்டேட்டு எங்கே முடிகிறது, சரணாலயம் எங்கே தொடங்குகிறது என்று இரவில் எந்தக் கல்லும் ஒளிவிட்டுச் சொல்லாது. ஆனால் நீதிமன்றத்தில் வரைபடம் சொல்லும்.

வேட்டைக்கும் ஒரு அறம் இருந்தது

வேட்டையாடியவர் எல்லாரையும் கொடியவர் என்று நாம் சொல்லவில்லை. நம் குறிஞ்சி நிலமே வேட்டுவர் நிலம். கண்ணப்பன் வேடன். வள்ளி வேடர் மகள். பசிக்காக வில்லெடுத்தவனை நம் இலக்கியம் இழித்துப் பேசவில்லை. அதே மொழியில்தான், சுடுவெயிலில் நிழலின்றி வாடும் பெண்மானுக்குத் தன் உடல் நிழலைக் கொடுத்து நிற்கும் ஆண்மானையும் பாடினார்கள். கொன்றவனுக்கும் மானின் அருமை தெரிந்திருந்தது.

புராணத்தை நம்புகிறவரும் நம்பாதவரும் இந்தக் கூட்டத்தில் இருக்கிறீர்கள். நம்பிக்கையை விட்டுவிடுவோம். கதையை மட்டும் எடுத்துக்கொள்வோம். தசரதன் இருட்டில், குடத்தில் நீர் நிரம்பும் ஒலியை யானை நீர் குடிக்கும் ஒலி என்று எண்ணி அம்பை விட்டான். செத்தது கண்ணில்லாத பெற்றோருக்குத் தண்ணீர் எடுக்கப் போன பிள்ளை. பாண்டு, இணைந்திருந்த மான்களின்மீது அம்பெய்தான். சாபம் அவனைக் கொன்றது. இராமன் பொன்மானின் அழகில் மயங்கிய மனைவிக்காக அதன் பின்னே ஓடினான். குடும்பமே பிரிந்தது. இந்த மூன்று கதைகளையும் கட்டியவர்களுக்குக் காடு நன்றாகத் தெரிந்திருக்கிறது. கண்ணால் பாராமல் ஒலியை நம்பி எய்யாதே. இனம் பெருக்கும் காலத்தில் தொடாதே. பசியில்லாமல் அழகுக்காகத் துரத்தாதே. வேட்டையின் அறம் முழுவதும் இந்த மூன்றில் அடங்கிவிடுகிறது.

இன்று நடப்பது என்ன? ஜீப்பில் ஏறிக்கொண்டு, கண் கூசும் விளக்கை அடித்து, திகைத்து நிற்கும் விலங்கைச் சுடுவது. மின்னுகிற இரண்டு கண்களுக்குப் பின்னால் இருப்பது மானா, மாடா, மனிதன் வைத்திருக்கும் விளக்கா என்று பார்ப்பதில்லை. மான் என்று நினைத்து உடன் வந்தவனையே சுட்ட செய்திகள் மலைநாட்டுப் பத்திரிகைகளில் வராமல் இல்லை. தசரதன் இன்னும் சாகவில்லை, தோழர்களே. அவன் கையில் இப்போது டார்ச் விளக்கு இருக்கிறது. அவ்வளவுதான்.

துப்பாக்கி இல்லாதவர்கள் இன்னும் கொடிய வழியில் போகிறார்கள். வேலியோரம் கம்பிச் சுருக்கு வைக்கிறார்கள். பன்றிக்கு வைத்த சுருக்கில் மான் மாட்டுகிறது, சிறுத்தை மாட்டுகிறது. விடிய விடியத் துடித்துச் சாகிறது. அவுட்டுக்காய் வைக்கிறார்கள். 2020 மே மாதம் கேரளத்தில் பாலக்காட்டுப் பக்கம், வெடி வைத்த பழத்தைக் கடித்து வாய் கிழிந்த கருவுற்ற யானை ஆற்றில் நின்றே உயிர்விட்டது. நாடே அழுதது. அது யானை என்பதால் செய்தியாயிற்று. அதே வெடியைக் கடித்து இறந்த மற்றவற்றுக்குச் செய்தி கிடையாது.

கள்ளத் துப்பாக்கிக்கும் ஒரு சொல். கரிமருந்து இடித்து நிரப்பிச் சுடும் நாட்டுத் துப்பாக்கி, சுடுபவன் கையிலேயே வெடிக்கக்கூடியது. உரிமம் இல்லாமல் அதை வைத்திருந்தாலே ஆயுதச் சட்டப்படி சிறை. யார் கொடுத்தாலும், ஒருநாள் வைத்திரு என்று சொன்னாலும், உங்கள் வீட்டுக்குள் அது வரக்கூடாது.

மானை யார் காப்பது, ஏன் காப்பது?

சிலர் இன்னொரு வாதம் வைப்பார்கள். அமெரிக்காவில் ஆண்டுதோறும் இலட்சக்கணக்கானோர் உரிமம் வாங்கி மான் சுடுகிறார்கள். பருவம் உண்டு, கணக்கு உண்டு. துப்பாக்கிமீதும் தோட்டாமீதும் போட்ட வரியைக் காட்டு விலங்குப் பாதுகாப்புக்கே செலவிடும் சட்டம் அங்கே 1937இலேயே வந்தது. மான் அழியவில்லை, பெருகியிருக்கிறது. இங்கே மட்டும் ஏன் தடை?

நியாயமான கேள்வி. விடை இதுதான். அங்கே பெரும்பாலான இடங்களில் மானைத் தின்னும் ஓநாயையும் மலைச்சிங்கத்தையும் முன்பே ஒழித்துவிட்டார்கள். மான் பெருகிப் பயிரையும் காட்டையும் தின்கிறது. இங்கே மானை நம்பிப் புலி இருக்கிறது, சிறுத்தை இருக்கிறது, செந்நாய் இருக்கிறது. ஒரு புலிக்கு ஆண்டுக்கு ஏறக்குறைய 50 மான் அளவுக்கு இரை வேண்டும் என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். 2022ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் கருநாடகத்தில் மட்டும் 563 புலிகள் இருப்பதாக மதிப்பிட்டார்கள். அவற்றின் சோற்றை நாம் பறித்தால் அவை எங்கே வரும்? நம் மாட்டுக்கொட்டகைக்கு வரும். காப்பி பறிக்கும் பெண் நிற்கும் வரிசைக்கு வரும். காட்டில் சுட்ட மானின் கடனை லைன் வீட்டுக்காரி அடைக்க வேண்டிவரும்.

மேலும், புள்ளிமான் ஒரு ஈற்றுக்கு ஒரு குட்டிதான் போடும். குட்டியைப் புதரில் மறைத்துவிட்டுத் தாய் மேயப் போகும். தாயைச் சுட்டால் புதருக்குள் இன்னொரு சாவு. அது யார் கணக்கிலும் வருவதில்லை.

பெருகியிருந்த ஒன்று எவ்வளவு விரைவில் இல்லாமல் போகும் என்பதற்குச் சிவிங்கிப்புலியே சான்று. மன்னர்கள் அதைப் பழக்கி வெளிமான் வேட்டைக்குக் கொண்டுபோனார்கள். கடைசி மூன்றையும் 1947இல் கொரியா சமஸ்தானத்து மன்னர் சுட்டார் என்பது வரலாறு. 1952இல் அந்த இனம் இந்தியாவில் அழிந்துவிட்டதாக அறிவித்தார்கள். 70 ஆண்டு கழித்து, 2022 செப்டம்பரில், நமீபியாவிலிருந்து விமானத்தில் ஏற்றிவந்து குனோ காட்டில் விட்டோம். சுடுவதற்கு ஒரு தோட்டா போதும். திரும்பக் கொண்டுவர ஓர் அரசாங்கமே போதவில்லை.

மானைக் காப்பவர்கள் யார் என்பதையும் சொல்ல வேண்டும். இராசத்தானத்தில் பிஷ்ணோயி மக்கள் வெளிமானைத் தம் பிள்ளைபோல் வளர்க்கிறவர்கள். 1998இல் சோத்பூருக்கு அருகே கங்காணி என்ற ஊரில் வெளிமான் சுடப்பட்டபோது, புகார் கொடுத்தவர்கள் அந்த எளிய கிராமத்தார். 2018 ஏப்ரலில் அந்த வழக்கில் புகழ்பெற்ற இந்தி நடிகர் சல்மான்கானுக்கு சோத்பூர் நீதிமன்றம் 5 ஆண்டுச் சிறை விதித்தது. இரண்டு நாளில் ஜாமீன் கிடைத்தது, மேல்முறையீடும் செய்தார். 20 ஆண்டு ஒரு வழக்கைக் கைவிடாமல் தொடர்ந்த அந்தக் கிராமத்தாரை எண்ணிப் பாருங்கள். அதே வழக்கில் ஒரு கூலித் தொழிலாளி சிக்கியிருந்தால் இரண்டு நாளில் ஜாமீன் கிடைத்திருக்குமா என்பதையும் எண்ணிப் பாருங்கள்.

வெகுதூரம் போக வேண்டாம். நாகரஹொளெக் காட்டைக் கள்ள வேட்டைக்காரரிடமிருந்து காப்பதற்குத் தன் வாழ்வையே கொடுத்தவர், 2024இல் மறைந்த வனச்சரகர் கே.எம். சின்னப்பா. அவர் இந்தக் குடகு மண்ணின் மைந்தர். ஆகவே குடகு என்றால் வேட்டை என்று பேசுகிறவர்கள் பாதி உண்மையைத்தான் பேசுகிறார்கள். துப்பாக்கியை வணங்கும் மண்தான் காட்டைக் காத்த காவலனையும் பெற்றது.

இன்னொரு மக்களையும் மறக்கக்கூடாது. ஜேனு குறும்பரும் பெட்ட குறும்பரும் எரவரும் அந்தக் காட்டின் மூத்த குடிகள். 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் அவர்களுக்குப் பல உரிமைகளைத் தந்தது. ஆனால் பரம்பரை வேட்டை உரிமையை மட்டும் பெயர் சொல்லி விலக்கிவிட்டது. தலைமுறை தலைமுறையாகக் காட்டில் வாழ்ந்தவனே வேட்டையைத் துறந்திருக்க, வாரக் கடைசிக்கு நகரத்திலிருந்து காரில் வருகிறவனுக்கு மட்டும் மான்கறி விருந்தா? இதைக் கேட்கும் உரிமை எல்லாருக்கும் உண்டு.

உயிருக்கும் பயிருக்கும் யார் பொறுப்பு?

இவ்வளவு சொன்னபின், காட்டு விலங்கால் நமக்கு வரும் துன்பத்தைச் சொல்லாமல் விட்டால் இந்த உரை முழுமை பெறாது. விடியற்காலையில் வேலைக்கு நடந்துபோகும் தொழிலாளி, காப்பிச் செடி மறைவில் நின்ற யானையால் மிதிபட்டுச் சாகிறார். சிறு விவசாயியின் நெல்லைப் பன்றி ஓரிரவில் உழுதுவிட்டுப் போகிறது. மானைக் காப்போம் என்று மேடையில் பேசுவது எளிது. வயலை இழந்தவனிடம் போய்ப் பேசுவது எளிதன்று.

சட்டம் இதைக் காணாமல் இல்லை. உயிரைக் காத்துக்கொள்ள நல்லெண்ணத்தோடு ஒரு விலங்கைக் கொல்ல நேர்ந்தால் அது குற்றமாகாது என்று 11ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் அந்த வேளையில் நாம் வேறொரு வேட்டைக் குற்றத்தில் ஈடுபட்டிருந்தால் அந்தப் பாதுகாப்பு கிடைக்காது. பயிரை அழிக்கும் சில விலங்குகளைச் சுட அதிகாரி எழுத்து மூலம் ஆணையிடலாம். கேரள அரசு 2022இல் காட்டுப்பன்றி விஷயத்தில் அந்த அதிகாரத்தை உள்ளாட்சித் தலைவர்களுக்கே கொடுத்தது. பீகாரில் 2016இல் இருநூறுக்கும் மேற்பட்ட நீலான்களைச் சுட்டார்கள். நடுவண் அமைச்சர்களுக்குள்ளேயே சண்டை வந்தது. இப்படிப்பட்ட நடவடிக்கை தேவையா இல்லையா என்பது தனி வாதம். ஆனால் ஆணை பெற்று, பகலில், கணக்கு வைத்துச் செய்வதும், இரவில் ஜீப்பில் போய்க் கறிக்குச் சுடுவதும் ஒன்றல்ல. பன்றித் தொல்லையைக் காட்டி மான்வேட்டைக்கு நியாயம் தேடுகிறவர்களை நம்பாதீர்கள்.

யானையிடமிருந்து நம்மைக் காக்கத் துப்பாக்கி வேண்டும் என்று கேட்கிறவர்களுக்கும் சொல்கிறோம். பறவைக்கும் முயலுக்கும் வைத்த ரவையால் யானையைச் சுட்டால் யானை சாகாது, வெறிபிடிக்கும். மறுநாள் அதன் வழியில் நிற்பது நாம்தான். நமக்கு வேண்டியது வேறு. விடியுமுன் நடக்க வைக்காமல் வேலைக்கு வண்டி வேண்டும். யானை நடமாட்டத்தை முன்கூட்டி அறிவிக்க ஆள் வேண்டும். லைன் வீடுகளுக்கு விளக்கும், வீட்டோடு கழிப்பறையும் வேண்டும். இருட்டில் புதருக்குப் போகும் பெண்ணை யானை மட்டுமா மிரட்டுகிறது? இறந்தவர் வீட்டுக்கு அரசு தரும் உதவித்தொகை அலையவிடாமல் வந்துசேர வேண்டும். முகவரிச் சான்று இல்லை, வெளிமாநிலத்தான் என்று சொல்லி அதை நிறுத்தக்கூடாது. உழைப்பில் வெளிமாநிலம் பார்க்காதவர்கள் இழப்பீட்டில் மட்டும் ஏன் பார்க்க வேண்டும்?

நாம் எடுக்கும் முடிவுகள்

ஆகவே தோழர்களே, நம் சங்கம் இந்தக் கூட்டத்தின் முன் சில முடிவுகளை வைக்கிறது.

முதலாவது, நம் உறுப்பினர் எவரும் வேட்டைக்குத் துணை போவதில்லை. மேஸ்திரி கூப்பிட்டாலும், ரைட்டர் கூப்பிட்டாலும், முதலாளியே கூப்பிட்டாலும் போவதில்லை. காப்பி பறிப்பதும் மிளகு பறிப்பதும் நம் வேலை. விளக்குப் பிடிப்பதும் மூட்டை சுமப்பதும் நம் வேலை அல்ல. மறுத்ததற்காக எவரையாவது வேலையை விட்டு நிறுத்தினால், அதைச் சங்கம் தன் வழக்காக எடுத்துக்கொள்ளும்.

இரண்டாவது, காட்டுக்கறி எந்த வழியில் வந்தாலும் நம் லைனுக்குள் வாங்குவதில்லை. தாய்மார்களே, இது உங்கள் கையில் இருக்கிறது. அடுப்பு மறுத்தால் துப்பாக்கிக்கு வேலை குறையும்.

மூன்றாவது, எவராவது பிடிபட்டால் பயந்து ஓடுவதோ, படிக்காத காகிதத்தில் கைநாட்டு வைப்பதோ கூடாது. கைதுக்குக் காரணம் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. 24 மணி நேரத்துக்குள் நீதிபதி முன் நிறுத்த வேண்டும் என்பது அரசமைப்பு. காவலில் இருப்பவருக்கு இலவச சட்ட உதவி தர வேண்டும் என்று 1987ஆம் ஆண்டின் சட்டம் சொல்கிறது. உடனே சங்கத்துக்குச் செய்தி அனுப்புங்கள். குற்றம் செய்யாதவரைக் காப்போம். உத்தரவுக்குப் பயந்து போனவர் சிக்கினால், உத்தரவு போட்டவரின் பெயரையும் வழக்கில் சேர்க்கச் சொல்லிப் போராடுவோம்.

நான்காவது, சுருக்குக் கம்பியைக் கண்டால் எடுத்துவிட்டு மறந்துவிடாதீர்கள். இடத்தைக் குறித்துக்கொண்டு சங்கத்தின் மூலம் வனத்துறைக்குச் சொல்லுங்கள். அவசரத்தில் நீங்களே எடுத்துக் கையில் வைத்திருந்தால், வைத்தவன் நீ என்று சொல்லிவிடுவார்கள்.

ஐந்தாவது, குடகு நாட்டுப் பெரியவர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் துப்பாக்கி வழக்கத்தை நாங்கள் மதிக்கிறோம். அதைக் காக்க நினைக்கிறவர்களே அதைப் பூட்டி வைக்கவும், குடிபோதையில் எடுக்காமலிருக்கவும், வேட்டைக்கு இரவல் கொடுக்காமலிருக்கவும் முன்னின்று சொல்ல வேண்டும். 2029இல் இந்த விலக்கு மீண்டும் கேள்விக்கு வரும். அப்போது அந்த வழக்கத்துக்கு வலுச்சேர்ப்பது பழம்பெருமை மட்டும் அல்ல. இந்தத் துப்பாக்கிகளால் ஒரு மானும் ஒரு மனிதனும் சாகவில்லை என்று சொல்ல முடிவதும்தான்.

தோழர்களே, மான் வாக்களிப்பதில்லை. மான் சங்கம் வைப்பதில்லை. அதனிடம் இருப்பது ஓடுவதற்கு நான்கு கால்கள் மட்டுமே. பிழைப்புக்காக ஓடி ஓடி இந்த மலைக்கு வந்து சேர்ந்த நமக்கு அதன் நிலை புரியாமல் போகாது. நமக்குச் சங்கம் இருக்கிறது, சட்டம் இருக்கிறது, பேச வாய் இருக்கிறது. நம்மைக் காத்துக்கொள்வோம். நம்மைக் காக்கிற அதே கையால் அதையும் காப்போம்.

இந்த முடிவுகளை ஏற்கிறவர்கள் கை உயர்த்துங்கள்.